நீலக் குழந்தைகள்

காலாப்பட்டுக் கடற்கரையில் பிள்ளைகள் ஓடியாடும்போது, சிறிது தூரம் ஓடியதும் மூச்சிரைத்துக் குந்தி உட்கார்ந்துவிடும் சிறுவனை நீங்கள் கண்டதுண்டா? அத்தகையவன் ஒருவன் என் வகுப்பிலும் இருந்தான். சோம்பேறி என்று அவனை நான் கடிந்ததுண்டு. அவனுடைய நகங்கள் நீலம் பாரித்திருந்தமையைக் கண்டவர் பள்ளிக்கு வந்த வைத்தியரே, நானல்லன்.

பிரெஞ்சு தேசத்து மார்செய் நகரில், 1888-ஆம் ஆண்டில், ஆர்தர் ஃபாலோ என்ற வைத்தியர் இந்நீல நோயை ஆராய்ந்து எழுதினார். இருதயத்தின் கீழறைகளுக்கிடையே துளை. நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகல். பெருநாடி இரு அறைகளுக்கும் மேலாக அமைதல். வலக் கீழறை தடித்தல் என நான்கு குறைகள் பிறவியிலேயே ஒருங்கே அமைகின்றன. பிராணவாயு குன்றிய இரத்தம் நுரையீரலுக்குச் செல்லாமலே உடலிற் பரவுகிறது. குந்தி உட்கார்ந்தால் கால்களின் குழாய்கள் நெருக்குண்டு, நுரையீரலுக்குச் சற்று மிகுதியாக இரத்தம் செல்லும். அச்சிறுவன் கண்டுகொண்ட சிகிச்சை அது!

நோயை அறிந்தும் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பரிகாரம் இல்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் குழந்தைகளைக் கவனித்து வந்த ஹெலன் டாசிக் அம்மையார், பிறந்தபின் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு நாளம் திறந்தேயிருக்கும் நீலக் குழந்தைகள் ஓரளவு நலமாயிருக்கக் கண்டார். அப்படியானால் அத்தகைய வழியைச் செயற்கையாக அமைத்தால் என்ன? ஆல்பிரட் பிளாலாக் என்ற ரண வைத்தியரிடம் இதைக் கூறினார். கல்லூரியில் பயில வசதியற்ற நீக்ரோ இனத்தவரான விவியன் தாமஸ், நாய்களிடத்தில் அம்முறையைச் சோதித்து வகுத்தார். 1944 நவம்பர் 29 அன்று, பதினைந்து மாதக் குழந்தை ஒன்றின் கைக்குச் செல்லும் தமனி நுரையீரல் தமனியோடு இணைக்கப்பட்டது. தாமஸ் பின்னால் நின்று வழிகாட்டினார். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. பின்வந்தோர் பலர் பிழைத்தனர். தாமஸுக்குக் கௌரவப் பட்டம் கிட்டியது 1976-இல்தான்; அத்தாமதம் என் மனத்தை உறுத்துகிறது.

குறைகளை இருதயத்தினுள்ளேயே செப்பனிடும் சிகிச்சையை லில்லிஹை என்பார் 1954 ஆகஸ்டில் செய்தார். அதே ஆண்டு நவம்பரில்தான் புதுவையின் ஆட்சி பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்கு மாறிற்று. 1823-இல் இங்கே பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்ததே, 1964-இல் ஜிப்மர் எனப் பெயர்பெற்ற நிலையம். இன்று காலாப்பட்டிலும் ஒரு மருத்துவக் கல்லூரி உண்டு.

நம் நாட்டுக் குழந்தைகளின் மாநிறத் தோலில் இந்நீலம் எளிதில் தோன்றாது. நாவையும் உள்ளுதட்டையுமே பார்க்க வேண்டும். பிறந்த சிசுவின் பாதத்தில் சிறு ஒளிக்கருவியைப் பொருத்தி, இரத்தத்திலுள்ள பிராணவாயுவைச் சில நிமிடங்களில் அளந்தறியும் முறையும் இப்போது உள்ளது.