ஜன்னல் வைத்த சிப்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மின்னணுவியல் படித்தவர்களுக்கு 8085 கிட் மறந்திருக்காது. அந்தப் பலகையில் கண்ணாடி ஜன்னல் வைத்த சிப் ஒன்று இருக்கும். ஜன்னல் மேல் ஒரு ஸ்டிக்கர். மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காத ஈப்ராம் அது. ஆனால் அது லேபுக்கு வந்து சேர்ந்த வழி, ஏவுகணையில் தொடங்குகிறது.

1956-ல் நியூயார்க்கை அடுத்த கார்டன் சிட்டியில், அட்லஸ் ஏவுகணைக் கணினிக்காக வென் சிங் சாவ் ஒரு நினைவகத்தை வடிவமைத்தார். உள்ளே இருந்த மெல்லிய இணைப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கருக்கினால் எண்கள் பதிந்துவிடும். சிக்கல் ஒன்றுதான்: எழுத்து தப்பினால் நினைவகமே குப்பைக்கு.

அழித்து எழுதும் வித்தை ஒரு பழுதிலிருந்து பிறந்தது. இன்டெலின் 1101 நினைவகச் சிப் வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் பிசகியது. காரணம் தேடப் போன டோவ் ஃப்ரோமனுக்கு, மின்னேற்றத்தை வேண்டுமென்றே சிறைவைத்தால் என்ன என்று தோன்றியது. சுற்றிலும் காப்புப் பொருளால் மூடிய ஒரு கதவு. உயர் மின்னழுத்தத்தில் எலக்ட்ரான்கள் அதற்குள் புகுந்தால் வெளியேற வழியில்லை. புற ஊதா ஒளி பட்டால் மட்டும் விடுதலை. ஜன்னல் வந்தது அதற்காகத்தான். 1971-ல் வெளிவந்த 1702 சிப்பில் 256 பைட் மட்டுமே இடம். ஃப்ரோமனோ சில ஆண்டுகளில் இன்டெலை விட்டு, கானாவின் குமாசியில் பாடம் நடத்தப் போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற சிப் எண்பதுகளின் நடுப்பகுதி வரை இன்டெலுக்கு லாபத்தை அள்ளித் தந்தது.

லாபம் இருக்கும் இடத்தில் நகலும் இருக்கும். இன்டெலின் பிந்தைய ஈப்ராமான 2708-ஐச் சோவியத் ஒன்றியம் கே573ஆர்எஃப்1 என்றும், கிழக்கு ஜெர்மனி யு555 என்றும் செய்தன. ஜப்பானிய நிறுவனங்களும் களமிறங்கின. கால்களின் வரிசை ஒன்றாகவே இருந்ததால், ஒருவர் சிப்பைப் பிடுங்கி இன்னொருவர் சிப்பைச் செருகலாம். விதிவிலக்கு டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். அவர்களுடைய 2716-க்கு மூன்று மின்னழுத்தம் வேண்டும். இன்டெலின் 2716-க்கு 5 வோல்ட் போதும். இன்டெலுக்கு இணையான அவர்களின் சிப்போ 2516. பெயரை நம்பி மாற்றிச் செருகியவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இந்தியாவுக்குள் ஜன்னல் சிப் பல வாசல்களில் நுழைந்தது. 1984-ல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினியில், கூடுதல் நிரல்களை ஈப்ராமாகச் செருகக் காலி சாக்கெட்டுகள் இருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஆய்வு அமைப்பான சி-டாட் பிறந்தது. 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் அதன் ஊரகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் குளிரூட்டி இல்லாமலே ஓடியது. அதை இயக்கிய நிரலும் ஈப்ராமில்தான் குடியிருந்தது. கோவையிலிருந்து வாளையாறு தாண்டினால் வரும் கஞ்சிக்கோட்டில், தொலைபேசிக் கருவி நிறுவனமான ஐ.டி.ஐ.யின் பாலக்காடு ஆலை எழுபதுகளிலேயே மின்னணு எக்ஸ்சேஞ்சுகளுக்காக எழுந்திருந்தது. ஊர்ப்புறத்தில் எஸ்.டி.டி. பூத் முளைத்த காலத்துக்குப் பின்னணியில் இப்படிப்பட்ட பலகைகள் இருந்தன.

அந்த 1984-லேயே தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா ஃபிளாஷ் நினைவகத்தை அறிவித்துவிட்டார். அதே சிறைக் கதவு, ஜன்னல் இல்லாமல், மின்சாரத்தாலேயே அழிக்கலாம். இன்றைய பென் டிரைவின் மூதாதை அது.

இருந்தும் பழங்கணினி ஆர்வலர்கள் ஜன்னல் சிப்பை விடுவதாக இல்லை. அவர்களுக்குக் கைகொடுப்பது சீனத்து எக்ஸ்ஜெகு புரோகிராமர் கருவிகள். யு.எஸ்.பி.யில் செருகி, ஹெக்ஸ் ஃபைலைக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முட்டுக்கட்டை மின்னழுத்தத்தில் இருக்கிறது. பழைய 2716 எழுத 25 வோல்ட் கேட்கும். டி.எல்.866 இரண்டாம் தலைமுறைக் கருவி 18 வோல்ட்டோடு நின்றுவிடும். டி48 கருவி 25-ஐ எட்டும். 2732-க்கு 25 வோல்ட், 2732ஏ-வுக்கு 21. வாலில் உள்ள ஒற்றை 'ஏ'வைக் கவனிக்காமல் எழுதினால் சிப் பரலோகம் போகும். அழிப்பதற்கு 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் கால் மணிநேரம் போல வைக்க வேண்டும். நேர் வெயிலில் ஒரு வாரமும், டியூப்லைட் வெளிச்சத்தில் மூன்றாண்டும் ஆகும் என்று இன்டெல் அட்டவணையே சொல்கிறது. ஸ்டிக்கரின் அவசியம் இப்போது புரியும்.

விளக்கு இல்லாதவர்களுக்கு வின்பாண்டின் டபிள்யூ27சி512 இருக்கிறது. 27சி512-க்குக் கால் மாறாமல் பொருந்தும், மின்சாரத்தாலேயே அழியும். சந்தையில் கிடைப்பவற்றில் பல, கழற்றிய பலகைகளிலிருந்து எடுத்துப் பெயர் மாற்றி அச்சடித்தவை; வாங்கியதும் சோதிப்பது நல்லது.

சிறைப்பட்ட மின்னேற்றம் பல பத்தாண்டுகளில் மெல்லக் கசியும். ஆகவே பழைய பலகை கையில் கிடைத்தால், முதல் வேலை எழுதுவதல்ல, படிப்பது. இரண்டு முறை படித்து ஒப்பிட்டு, கோப்பாகச் சேமித்துவிட்டால் அசல் செத்தாலும் கவலையில்லை. அந்தக் கோப்பை ஏற்றிச் செருக ஒரு மாற்றுச் சிப் இன்றும் கிடைக்கிறதே, அதற்கு இத்தனை நாடுகளில் இத்தனை பேர் ஒரே கால்வரிசையைக் காப்பியடித்ததுதான் காரணம்.