ஒரே நெருப்பில் இரண்டு சபையார்



ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 3ஆம் நாள், புனிதர்கள் சார்லஸ் லுவாங்காவையும் அவருடைய தோழர்களையும் நம் திருவழிபாட்டில் நினைவுகூர்கிறோம். உகாண்டா நாட்டின் 22 மறைசாட்சியர் அவர்கள். அதே ஜூன் 3ஆம் நாளில் ஆங்கிலிக்கன் திருச்சபையும் உகாண்டா மறைசாட்சியரை நினைவுகூர்கிறது. இரண்டு நாள்காட்டிகளும் ஒரே நாளில் சந்திப்பதற்குக் காரணம் உண்டு. 1886ஆம் ஆண்டு அந்த நாளில், ஒரே மன்னனின் ஆணையால், நமுகோங்கோ என்னும் ஊரில், இரு சபையையும் சேர்ந்த இளைஞர்கள் ஒரே நெருப்பில் உயிர் கொடுத்தார்கள்.

கிறிஸ்தவ ஒன்றிப்பு என்றதும் ஆயர்களின் சந்திப்புகளும் இறையியல் வல்லுநர்களின் அறிக்கைகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவை தேவையானவையே. ஆனால் அவற்றுக்கு எல்லாம் முன்பே, ஆப்பிரிக்க மண்ணில், அரண்மனையில் பணி செய்த சில இளைஞர்கள் அந்த ஒன்றிப்பைத் தங்கள் இரத்தத்தால் எழுதினார்கள். அந்த வரலாற்றை இன்று சற்று விரிவாகக் கேட்போம்.

ஒரே அரசவையில் இரு மறைபோதகர்கள்

விக்டோரியா ஏரியின் வடகரையில் இருந்தது புகாண்டா அரசு. அதன் மன்னரைக் கபாகா என்று அழைப்பார்கள். கபாகா முத்தேசாவின் காலத்தில், 1877ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் சர்ச் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் மறைபோதகர்கள் அங்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு அலெக்சாண்டர் மெக்காய் என்னும் பொறியாளர் வந்தார். 1879 பிப்ரவரியில், வெள்ளைக் குருக்கள் என்று அழைக்கப்பட்ட ஆப்பிரிக்க மறைபோதகர் சபையின் அருள்தந்தை லூர்தெல், அருள்சகோதரர் அமான்ஸ் ஆகிய இருவரும் பிரான்சு நாட்டிலிருந்து வந்தார்கள். 'என் தந்தையே' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லைப் புகாண்டா மக்கள் தங்கள் நாவுக்கேற்ப 'மப்பேரா' என்று ஆக்கிக்கொண்டார்கள். அதுவே லூர்தெல் அடிகளின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

இரு தரப்பாரும் ஒரே கிறிஸ்துவை அறிவிக்க வந்தவர்கள். ஆயினும் மன்னர் முன்னிலையில் அவர்கள் அடிக்கடி வாதிட்டார்கள். ஒருவர் போதித்ததை மற்றவர் தவறு என்றார். எது உண்மையான கிறிஸ்தவம் என்று அரசவையே குழம்பியது. ஐரோப்பாவில் 300 ஆண்டுகளுக்கு முன் உண்டான பிளவு, அதைப் பற்றி ஒன்றும் அறியாத மக்களின் முற்றத்திலே கொண்டுவந்து இறக்கப்பட்டது.

ஆனால் மக்கள் அந்த வாதங்களுக்கு அப்பாலும் கடவுளைத் தேடினார்கள். மத்தியாஸ் முலும்பா என்பவர் முதலில் இஸ்லாம் சமயத்தில் இருந்தார். பிறகு ஆங்கிலிக்கன் மறைபோதகர்களிடம் நற்செய்தியைக் கேட்டார். இறுதியில் 1882ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றார். இன்று நம் புனிதராகப் போற்றப்படும் அவருக்கு விதை விதைத்ததில் ஆங்கிலிக்கன் சகோதரர்களுக்கும் பங்கு உண்டு.

ஆங்கிலிக்கன் ஆயருக்காகப் பேசிய கத்தோலிக்கர்

1884ஆம் ஆண்டு முத்தேசா இறந்தார். இளைஞனான அவர் மகன் முவாங்கா அரியணை ஏறினார். வெளிநாட்டவர் தன் நாட்டைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற அச்சம் அவரை வாட்டியது. கிறிஸ்தவர்களான ஊழியர்கள் தன் ஆணையைவிடக் கடவுளின் கட்டளையை மேலாக மதித்ததும், தன் தீய இச்சைக்கு இணங்க மறுத்ததும் அவருக்குச் சினமூட்டின. 1885 சனவரி 31ஆம் நாள் மூன்று ஆங்கிலிக்கன் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களே உகாண்டாவின் முதல் மறைசாட்சிகள்.

அதே ஆண்டு ஆங்கிலிக்கன் ஆயர் ஜேம்ஸ் ஹானிங்டன் கிழக்குத் திசையிலிருந்து, புசோகா நாட்டின் வழியாக, புகாண்டாவுக்கு வந்துகொண்டிருந்தார். நாட்டைப் பிடிக்க வருபவர்கள் கிழக்கிலிருந்தே வருவார்கள் என்பது அங்கே நெடுநாள் நம்பிக்கை. ஆயரும் அவருடைய சுமைகாரர்களும் வழியிலேயே பிடித்து வைக்கப்பட்டார்கள். அந்தச் சிறையிலும் இறுதி நாள்வரை ஆயர் நாள்குறிப்பு எழுதிவந்தார். அக்டோபர் 29ஆம் நாள், 38ஆம் வயதில், முவாங்காவின் ஆணைப்படி கொல்லப்பட்டார். அவரோடு வந்தவர்களில் பெரும்பாலோரும் கொல்லப்பட்டார்கள்.

அரண்மனையில் யாரும் வாய் திறக்கத் துணியாத நேரம் அது. அப்போது ஒருவர் பேசினார். அவர் யோசேப்பு முக்காசா பலிக்குத்தெம்பே. அரண்மனைப் பணியாளர்களின் தலைவர். ஏறத்தாழ 25 வயது. லூர்தெல் அடிகளிடம் 1882ஆம் ஆண்டு திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். அருள்பணியாளர்கள் நாட்டை விட்டு வெளியே இருந்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் கத்தோலிக்கக் குழுவைக் கட்டிக்காத்தவர்களில் அவரும் ஒருவர். அரண்மனைச் சிறுவர்களை மன்னனின் ஒழுக்கக்கேட்டிலிருந்து பாதுகாத்தவரும் அவரே. அந்த யோசேப்பு மன்னரிடம் சென்று, விசாரணைகூட இல்லாமல் ஆயரைக் கொன்றது தவறு என்று நேருக்கு நேர் கண்டித்தார்.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நின்று சிந்திப்போம். கொல்லப்பட்டவர் ஆங்கிலிக்கன் ஆயர். அவருக்காகப் பேசியவர் கத்தோலிக்கர். இரு தரப்பு மறைபோதகர்களும் அரசவையில் ஒருவரையொருவர் மறுத்துப் பேசியதை யோசேப்பு கண்ணாரக் கண்டவர். அவர் நம் ஆயர் அல்ல, நமக்கென்ன என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கியிருந்தால் உயிர் பிழைத்திருக்கவும் கூடும். நேர்மையான ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைத்தான் அவர் கண்டார். அந்த ஒருவர் எந்தச் சபை என்று அவர் கேட்கவில்லை.

1885 நவம்பர் 15ஆம் நாள், யோசேப்பு தலை வெட்டப்பட்டு, நெருப்பில் இடப்பட்டார். மன்னரைத் தாம் மன்னிப்பதாகவும், மன்னர் மனம் மாற வேண்டும் என்றும் அவர் கொலைஞனிடம் சொல்லி அனுப்பியதாக உகாண்டா மக்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். உகாண்டாவின் முதல் கத்தோலிக்க மறைசாட்சி அவர். அவரது சாவுக்கான காரணங்களில் ஓர் ஆங்கிலிக்கன் ஆயருக்காக அவர் எழுப்பிய குரலும் ஒன்று. அன்றைய நாளிலேயே சார்லஸ் லுவாங்கா திருமுழுக்குப் பெற்று, யோசேப்பு விட்டுச்சென்ற பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

நமுகோங்கோவின் நெருப்பு

1886 மே மாத இறுதியில் முவாங்காவின் சினம் எல்லை மீறியது. அரண்மனைப் பணியாளர்களை வரவழைத்து, கிறிஸ்தவர்கள் தனியே பிரிந்து நிற்கட்டும் என்று ஆணையிட்டார். சார்லஸ் லுவாங்கா முன்னே சென்று நின்றார். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். ஏறத்தாழ 14 வயதுச் சிறுவன் கிசித்தோவும் அவர்களில் ஒருவன். இன்னும் திருமுழுக்குப் பெறாதிருந்த அவனுக்கும் வேறு சிலருக்கும் அதற்குச் சற்று முன்புதான் சார்லஸ் திருமுழுக்கு அளித்திருந்தார்.

கயிறுகளால் கட்டப்பட்டு அவர்கள் நமுகோங்கோவுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். வழியிலேயே சிலர் கொல்லப்பட்டார்கள். ஜூன் 3, ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா நாள். சார்லஸ் லுவாங்காவைத் தனியே பிரித்து, சிறு தீயில் மெல்ல மெல்ல எரித்தார்கள். மற்றவர்களை நாணற்பாயில் சுருட்டிக் கட்டி, ஒரே பெரிய சிதையில் அடுக்கினார்கள். கத்தோலிக்கர்களும் ஆங்கிலிக்கர்களும் அருகருகே கிடந்தார்கள். மன்னரின் கண்ணுக்கு அவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம், செபிக்கிறவர்கள்.

1887 சனவரிவரை கொலைகள் தொடர்ந்தன. பெயர் தெரிந்தவர்களில் 22 பேர் கத்தோலிக்கர், 23 பேர் ஆங்கிலிக்கர்.

மீண்டும் பிரித்த கைகள்

இதோடு வரலாறு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நமுகோங்கோவுக்கு ஆறு ஆண்டுகள்கூட முழுதாய் முடியாத நிலையில், 1892 சனவரி 24ஆம் நாள், மெங்கோ குன்றில் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் ஆயுதம் ஏந்திப் போரிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் கட்சி, இங்கிலீசுக்காரர் கட்சி என்பதே அவர்களுக்குப் பெயராகியிருந்தது. ஆங்கிலேய வணிகக் குழுமத்தின் அதிகாரி லுகார்டு, இயந்திரத் துப்பாக்கியுடன் ஒரு தரப்புக்குத் துணை நின்றார். ருபாகா குன்றில் இருந்த கத்தோலிக்கப் பணித்தளம் எரிந்தது. பிறகு நிலமும் பதவிகளும் சபை பார்த்துப் பங்கிடப்பட்டன. பின்னாளில் வந்த அரசியல் கட்சிகளிலும் அந்தப் பிளவின் தடம் தெரிந்தது.

மறைசாட்சியரின் தோழர்களும் உறவினரும் உயிரோடிருந்த காலத்திலேயே இது நடந்தது. அரசனின் நெருப்பு ஒன்றாய்ச் சேர்த்தவர்களை, அதிகாரத்தின் ஆசை பிரித்துவிட்டது. துன்பத்தில் ஒன்றாய் நிற்பதைவிட, பங்கு பிரிக்கும் வேளையில் ஒன்றாய் நிற்பது கடினம் என்பதற்கு மெங்கோ சான்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முவாங்கா பின்னாளில் ஆட்சியை இழந்து சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே தானியேல் என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்று, 1903ஆம் ஆண்டு இறந்தார். அவர் திருமுழுக்குப் பெற்றது ஆங்கிலிக்கன் சபையில். மன்னர் மனம் மாறவேண்டும் என்று விரும்பிய கத்தோலிக்கரான யோசேப்பின் ஆசை, இன்னொரு சபையின் கைகளால் நிறைவேறியது.

திருத்தந்தையர் காட்டிய மரியாதை

1920ஆம் ஆண்டு திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் 22 கத்தோலிக்கருக்கும் அருளாளர் பட்டம் அளித்தார். 1964 அக்டோபர் 18ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்த வேளையில், திருத்தந்தை 6ஆம் பவுல் அவர்களைப் புனிதர்களாக அறிவித்தார். அந்த மறையுரையில், கிறிஸ்துவின் பெயருக்காக உயிர் துறந்த ஆங்கிலிக்கன் விசுவாசிகளையும் அவர் மறவாமல் நினைவுகூர்ந்தார். ஒரு மாதம் கழித்து, நவம்பர் 21ஆம் நாள், கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய சங்க ஏடு வெளியானது. பிரிந்து வாழும் சகோதரர்களிடம் உள்ள உண்மையான கிறிஸ்தவச் செல்வங்களைக் கத்தோலிக்கர் மகிழ்வோடு ஏற்றுப் போற்ற வேண்டும் என்று அது கற்பித்தது.

1969ஆம் ஆண்டு அதே திருத்தந்தை உகாண்டா சென்றார். ஆப்பிரிக்க மண்ணில் கால்வைத்த நம் காலத்தின் முதல் திருத்தந்தை அவர். நமுகோங்கோவில் சார்லஸ் லுவாங்கா எரிக்கப்பட்ட இடம் இன்று கத்தோலிக்கத் திருத்தலம். மற்றவர்கள் எரிக்கப்பட்ட பெரிய சிதை இருந்த இடமோ, சற்றுத் தொலைவில் உள்ள ஆங்கிலிக்கன் திருத்தலத்தில் இருக்கிறது. நம் புனிதர்களின் சாம்பல் அவர்கள் மண்ணிலும் கலந்திருக்கிறது. எனவே 6ஆம் பவுல் அங்கும் சென்று செபித்தார். 1993இல் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுலும் அவ்வாறே செய்தார். 2015 நவம்பர் 28ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் முதலில் ஆங்கிலிக்கன் திருத்தலத்துக்குச் சென்றார். அதன் பிறகே கத்தோலிக்கத் திருத்தலத்தில் திருப்பலி நிறைவேற்றினார்.

அப்படியானால் சபைகளுக்கு இடையே வேறுபாடே இல்லையா என்று சிலர் கேட்கலாம். வேறுபாடு உண்டு. ஒரே பலிபீடத்தில் நாம் இன்னும் ஒன்றாய் நற்கருணை பெற இயலவில்லை. அந்த வேதனையை மறைக்கத் தேவையில்லை. ஆங்கிலிக்கன் மறைசாட்சியரை நம் திருச்சபை புனிதர் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனாலும் அவர்களை மதிக்கிறது. இந்த மதிப்பு மேலும் வளர்ந்துவருகிறது. 2015இல் லிபியா கடற்கரையில் கொல்லப்பட்ட 21 பேரில் 20 பேர் எகிப்தின் காப்டிக் ஆர்த்தடாக்ஸ் சபையினர். ஒருவர் கானா நாட்டுத் தொழிலாளர். அந்த 21 பேரின் பெயர்களும் உரோமை மறைசாட்சியர் நூலில் இடம்பெறும் என்று 2023 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்தார். இதையே அவர் இரத்தத்தின் ஒன்றிப்பு என்று அழைத்தார்.

நம் ஊரில் நமக்கு அடுத்திருப்பவர்

அன்பர்களே, உகாண்டாவுக்கு மறைபோதகர்களை அனுப்பிய அதே சர்ச் மிஷனெரி சங்கம், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நம் திருநெல்வேலிச் சீமையிலும் பணியாற்றியது. அவர்கள் உருவாக்கிய சபைகள் 1947ஆம் ஆண்டு தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. நாம் சி.எஸ்.ஐ. என்று அழைக்கும் நம் அயலார், ஹானிங்டன் ஆயரின் நம்பிக்கைக் குடும்பத்தோடு உறவுடையவர்கள். நம் வாசக மேடையில் இருக்கும் திருவிவிலியமும், 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்புதான்.

நம்மைச் சேராத ஒருவர் உமது பெயரால் பேய் ஓட்டுகிறார், அவரைத் தடுத்தோம் என்று யோவான் பெருமையோடு சொன்னபோது, இயேசு அவரைப் பாராட்டவில்லை. தடுக்க வேண்டாம் என்றார். தம் சாவுக்கு முந்திய இரவில், தம்மீது நம்பிக்கை கொள்வோர் எல்லாரும் ஒன்றாய் இருக்கும்படி தந்தையிடம் மன்றாடினார்.

யோசேப்பு முக்காசா செய்ததை நம் அளவில் நாமும் செய்ய முடியும். நம் தெருவில் வேறு சபையைச் சேர்ந்த குடும்பம் துயரில் இருக்கும்போது முதலில் அங்கு போய் நிற்பவர் நாமாக இருக்கலாம். அவர்கள் ஆலயம் தாக்கப்பட்டால், நம் ஆலயம் தாக்கப்பட்டதாகவே நினைத்துக் குரல் கொடுக்கலாம். பிற சபையிலிருந்து நம் வீட்டுக்கு மருமகளாய் வந்த பெண் படிக்கும் வேதப் புத்தகத்தையும் பாடும் பாட்டையும் ஏளனம் செய்யாமல் இருக்கலாம். அவர்கள் நடுவில் வாழ்ந்து மறைந்த நல்லவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

வருகிற ஜூன் 3ஆம் நாள் திருப்பலியில் சார்லஸ் லுவாங்காவின் பெயரைக் கேட்கும்போது, அவரோடு உயிர் தந்த 23 ஆங்கிலிக்கன் சகோதரர்களையும், அவர்களுடைய ஆயருக்காகப் பேசிய யோசேப்பையும் நினைத்து மன்றாடுவோம். அவர்களை ஒரே நெருப்பில் ஏற்றுக்கொண்ட இறைவன், நம்மை ஒரே பந்தியில் அமரச் செய்யும் நாளை விரைவில் அருள்வாராக. ஆமென்.