கோழிக்கு வந்த வைட்டமின் முயலுக்குப் பொருந்துமா?

நாமக்கல் பக்கம் முயல் வளர்ப்பவருக்குக் கையெட்டும் தூரத்தில் கிடைப்பது கோழிக்கான வைட்டமின்தான். முட்டைக்கோழிப் பண்ணைகளால் பெயர்பெற்ற ஊர். கால்நடை மருத்துவக் கல்லூரியும் 1985 முதல் இங்கே உண்டு. சித்திரை வெயிலில் கோழி தளர்ந்தால் தண்ணீரில் வைட்டமின் சி, தீவனத்தில் வைட்டமின் ஈயும் செலினியமும் கலப்பது பழகிய வழக்கம். அதை அப்படியே முயல் கூண்டுக்குக் கொண்டுபோகலாமா? ஆய்வு வரலாற்றில் கோழியும் முயலும் பிரிந்த இடத்தைப் பார்த்தால் விடை தெரியும்.

தொடக்கம் ஒன்றுதான். 1922இல் பெர்க்லியில் இவான்சும் பிஷப்பும், எலியின் கரு தங்குவதற்கு வேண்டிய, கொழுப்பில் கரையும் ஒரு சத்தைக் கண்டறிந்தனர். அதுவே வைட்டமின் ஈ. 1931இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கெட்சும் பாப்பன்ஹைமரும், தீவனக் குறையால் கோழிக்குஞ்சுக்கு வரும் சிறுமூளை நோயையும், முயலுக்கும் கினிப்பன்றிக்கும் வரும் தசைச்சிதைவையும் ஒரே ஆண்டில் விவரித்தனர். டோக்கோஃபெரால் என்னும் இந்த வைட்டமின் ஈ கொழுப்பைக் கெடாமல் காக்கிறது என்று 1937இல் ஓல்காட்டும் எமர்சனும் காட்டினர். 1940இல் மெக்கன்சியும் மெக்காலமும் தசை சிதைந்த முயலை அதே டோக்கோஃபெரால் கொடுத்துத் தேற்றினர்.

செல்சவ்வில் உள்ள கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கினால் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பரவும். வைட்டமின் ஈ அந்தச் சங்கிலியை அறுக்கிறது. செல்லுக்குள் சேரும் பெராக்சைடை நொதிகள் உடைக்கின்றன. இங்கேதான் பாதை பிரிகிறது. 1957இல் செலினியம் கோழியின் தோலடி நீர்க்கோவையைத் தடுப்பது தெரிந்தது; குளூட்டதயோன் பெராக்சிடேஸ் நொதியில் செலினியம் இருப்பதை 1973இல் ரோட்ரக் குழுவினர் கண்டனர். ஆனால் முயலின் தசைச்சிதைவுக்குச் செலினியம் கைகொடுக்கவில்லை. முயல் உடலில் பெராக்சைடை உடைக்கும் வேலையில் பெரும்பங்கு செலினியம் இல்லாத நொதிகளுடையது. அதனால் அது வைட்டமின் ஈயையே அதிகம் சார்ந்திருக்கிறது.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு 1977இல் வளரும் முயலுக்குக் கிலோ தீவனத்துக்கு 40 மி.கி. வைட்டமின் ஈ என்றது. முட்டைக்கோழிக்கு 1994இல் அது சொன்னது 5 அலகு. செயற்கை வைட்டமின் ஈயில் ஓர் அலகு ஒரு மி.கி.தான். குறைபாடு வராமல் காக்கும் அளவுகள் இவை. வெயில் காலத்துக்கென்று சொன்னவை அல்ல. முயலுக்கு வியர்வை பெயரளவுக்குத்தான். காது வழியாகவும் மூச்சு வழியாகவும் சூட்டை வெளியேற்றுகிறது. 35 டிகிரிக்கு மேல் போனால் திணறும். நம் சமவெளியின் கோடையோ 38, 40 என்று நிற்கும். அந்தச் சூட்டில் திசுக்களில் பெராக்சைடு பெருகி, வைட்டமின் ஈ விரைவில் தீர்கிறது. ஆகவே செலினியத்துக்குப் போகும் காசை வைட்டமின் ஈக்குத் திருப்புவதே சரி என்பேன். வைட்டமின் சியை முயலின் ஈரலே தயாரித்துக்கொள்ளும்; பி வகை பெரும்பாலும் பெருங்குடல்வாயில் உருவாகி, முயல் தானே உண்ணும் மென்புழுக்கை வழியே திரும்பக் கிடைக்கும். வைட்டமின் ஏ மிஞ்சினால் குட்டிகள் கருவிலேயே கெடும்.

புட்டியைத் தேடுமுன் தீவன மூட்டையை முகர்ந்து பார்க்க வேண்டும். தகரக் கொட்டகையில் சிக்கு வாடை அடித்த தவிடு, தன்னிலுள்ள வைட்டமின் ஈயை இழந்ததோடு, முயல் உடலில் இருப்பதையும் தின்றுவிடும். அன்றறுத்த வேலிமசாலும் அகத்தியும் வைட்டமின் ஈயைப் பச்சையாகவே தரும். வெயிலில் காயவைத்தால் பெரும்பகுதி போய்விடும். அவசரத்துக்குக் கோழிக்குஞ்சுத் தீவனத்தைப் போடுவது மட்டும் கூடவே கூடாது. ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கும் சாலினோமைசின், நாராசின் போன்றவை முயலைக் கொன்றுவிடும்.