இழந்த உதவித்தொகையும் பெற்ற உதவித்தொகையும்: கணிதமேதை இராமானுஜன்

கல்விக்கு வறுமை ஒரு தடையன்று என மேடைதோறும் முழங்குவோர் உளர். அது தடையே என்பதைக் குளுவாங், சிகாமட், லாபிஸ், கூலாய் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஜொகூர்ப் பெற்றோர் நன்கறிவர். உதவித்தொகை என்னும் ஒரு சொல்லை நம்பியே எத்தனையோ இல்லங்களில் விண்ணப்பத் தாள்கள் நிரப்பப்பட்டன, இன்றும் நிரப்பப்படுகின்றன. அத்தகைய உதவித்தொகையை ஒருமுறை பெற்று, இழந்து, எட்டாண்டுக் காலம் அலைந்து, மீண்டும் பெற்ற ஒரு தமிழ்நாட்டு இளைஞரின் வரலாறு ஈண்டு நினைவுகூரத்தக்கது. அவர் பெயரை அறியாதார் இலர். ஆயின் அவர்தம் கணிதப் புகழைப் பேசுவோர், அவர் பட்ட பணத்தொல்லையையும் அதனைத் தீர்க்க எழுந்த விதிமுறைச் சிக்கலையும் பெரும்பாலும் விரித்துரைப்பதில்லை.

சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22 ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடையொன்றில் கணக்கர். மாத வருவாய் ஏறத்தாழ 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடி, மாதம் ஐந்தோ பத்தோ ரூபாய் ஈட்டிக் குடும்பத்திற்குத் துணை செய்தார். 1904இல் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பரிசுடன் கல்வியை முடித்த இராமானுஜன், உதவித்தொகை பெற்றுக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ‘தென்னாட்டின் கேம்பிரிட்ஜ்’ என்று அக்கல்லூரியை அந்நாளில் பெருமையாக அழைப்பர்.

அப்பெருமை அவருக்கு உதவவில்லை. கணிதம் நீங்கலாகப் பிற பாடங்களில் அவர் மனம் பற்றவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்றார், உதவித்தொகை நின்றது. ஒரு பருவத்திற்குக் கட்டணம் 32 ரூபாய். தந்தையின் ஒன்றரை மாத ஊதியத்தையும் அது விழுங்கிவிடும். தாயார் கல்லூரி முதல்வரை நேரில் கண்டு மகனுக்காக வாதாடினார். முதல்வர் மரியாதையோடு கேட்டார். விதி விதியே என்று நின்றார். 1905 ஆகஸ்டு மாதத்தில், பதினேழு வயது இளைஞர் எவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்கு ஓடிப்போனார்.

இதனைப் படிக்கும் நம் நாட்டுப் பெற்றோர்க்கு வேறு விளக்கம் தேவைப்படாது. எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் தேறாதவர்க்கு, ஏனைய பாடங்களில் எத்துணைச் சிறப்பு இருப்பினும், சான்றிதழ் கிட்டுவதில்லை. விதி தேவையற்றது என்று கூறுவதற்கில்லை. ஆயினும் ஒரு பாடத்தில் விழுந்த பிள்ளை எல்லாவற்றிலும் விழுந்ததாகவே கோப்பில் பதிவாகிறது.

1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றார். அங்கே உடலியல் பாடம் காலை வாரிற்று. மறு ஆண்டுத் தேர்விலும் தோல்வியே. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. 1909இல் திருமணமும் நடந்தேறியது. தாள் வாங்கப் பணமின்றிக் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அக்குறிப்பேட்டைக் கையில் ஏந்தியபடி வேலை கேட்டு அலைந்தார். நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இராமச்சந்திர ராவ் அதன் அருமை உணர்ந்து, தம் சொந்தப் பணத்தில் மாதம் 25 ரூபாய் வழங்கினார். அரசு அதிகாரி ஒருவர் சுற்றறிக்கை எதனையும் எதிர்பாராது செய்த செயல் அது. எனினும் பிறர் கைப்பணத்தில் வாழ இராமானுஜன் உள்ளம் ஒப்பவில்லை. 1912 மார்ச்சு மாதத்தில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார்.

அங்கிருந்தே 1913 சனவரி 16 ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குப் புகழ்பெற்ற அக்கடிதத்தை எழுதினார். ஆண்டுக்கு 20 பவுண்டு ஊதியம் பெறும் எழுத்தர் என்றே தம்மை அறிமுகம் செய்துகொண்டார். ஹார்டி வியந்து மறுமொழி விடுத்தார். அதே பிப்ரவரி இறுதியில் வானிலை ஆய்வுத்துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுக அலுவலகத்திற்கு வந்து குறிப்பேட்டைக் கண்டார். மறுநாளே, இவ்விளைஞருக்கு உதவித்தொகை வழங்குக எனச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு எழுதினார்.

சிக்கல் இனித்தான் எழுந்தது. ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது. இவரோ இடைநிலைத் தேர்வையே தாண்டாதவர். கணிதப் பாடக்குழு மார்ச்சு 19 ஆம் நாள் கூடி மாதம் 75 ரூபாய் வழங்கப் பரிந்துரைத்தது. ஏப்ரல் 7 ஆம் நாள் ஆட்சிக்குழுவில் விதி தடுக்கிறது என்ற மறுப்பு எழுந்தது. அப்போது, ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கம் என அதனை நிறுவிய சட்டத்தின் முகவுரையே கூறுவதைத் துணைவேந்தர் எடுத்துக்காட்டினார். உட்பிரிவை மட்டும் படிப்போர் நடுவே ஒருவர் முகவுரையைப் படித்திருந்தார்! உதவித்தொகை இரண்டாண்டுகளுக்கு உறுதியாயிற்று. மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆய்வறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை. துறைமுக அலுவலகமும் அவருக்கு விடுப்பளித்தது. பசியைப் பற்றி எண்ணாது கணிதத்தை எண்ணும் வாய்ப்பு, தம் 25 ஆம் வயதில் அவருக்கு முதன்முறையாகக் கிட்டியது.

கடல் கடந்து செல்வதற்கு ஆசாரம் குறுக்கே நின்றது. குலதெய்வமாகிய நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் விடை தந்ததாகக் குடும்பத்தார் கூறுவர். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டும், பயணத்திற்கும் உடைக்கும் 100 பவுண்டும் ஒதுக்கிற்று. உதவித்தொகையில் ஆண்டுக்கு 50 பவுண்டளவு பெற்றோர்க்குச் சேர ஏற்பாடு செய்துவிட்டு, 1914 மார்ச்சு 17 ஆம் நாள் இராமானுஜன் கப்பலேறினார். 1916இல் ஆராய்ச்சிப் பட்டம்; 1918இல் அரச கழகத்தின் உறுப்புரிமையும் டிரினிட்டிக் கல்லூரியின் உறுப்புரிமையும் அடுத்தடுத்து வந்தன. உடல்நலமோ குன்றிற்று. 1919இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 ஆம் நாள் சென்னையில் தம் 32 ஆம் வயதில் காலமானார்.

தாயகம் திரும்புமுன், சென்னைப் பல்கலைக்கழகம் மேலும் ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்க முன்வந்த செய்தி அவரை எட்டியது. நோயுற்று மருத்துவ விடுதியில் இருந்த அவர், 1919 சனவரி 11 ஆம் நாள் பதிவாளருக்கு நன்றி தெரிவித்து எழுதினார். தமக்கு வரவிருக்கும் தொகை தம் தேவைக்கு மிகுதியானது என்றார். பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுண்டு கொடுத்து, தம் அவசியச் செலவு போக எஞ்சுவதைக் கல்விப் பணிக்குச் செலவிடுமாறு வேண்டினார். எத்தகைய கல்விப் பணி என்பதையும் அக்கடிதத்திலேயே குறித்திருந்தார்: ஏழைச் சிறுவர்க்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைத்தல், பள்ளிகளுக்குப் புத்தகங்கள் வழங்குதல்.