பழைய ஆயிலும் நம் நொய்யலும்



ஹைபிரிட் காருக்கு வீட்டிலேயே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது நல்ல பழக்கம்தான். 1997இல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் வந்ததிலிருந்து ஒரு கவனம் மட்டும் கூடுதலாக வேண்டும்: 'ரெடி' விளக்கு எரிந்தால், சத்தமில்லாமல் நிற்கும் எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கும். காரை அணைத்து, சாவியைத் தள்ளி வைத்துவிட்டுக் குனியுங்கள்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாதீர்கள். நம் ஊர்ச் சாக்கடை சேருமிடம் நொய்யல். பாசனத்துக்கென்று 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது சாயக்கழிவு. கிணறுகளும் வயல்களும் பாழாயின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எத்தனை வீடுகளில் வேலை போனது என்பது உங்களுக்கே தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த கேடு அது.

ஆயிலைக் கேனில் மூடி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.