குறுவிடையும் குறைவிடையும்

ஒருவர் ஒரு கருத்தை விரிவாக எடுத்துரைக்க, மற்றவர் ‘சரி’ என்றோ ‘தவறு’ என்றோ ஒரே சொல்லில் மறுமொழி கூறினால் அது முறையாகுமா? தமிழாசிரியர் கூடுமிடங்களிலும், இலக்கியச் சங்கங்களின் கலந்துரையாடல்களிலும், நாளிதழ்களின் கடிதப் பகுதிகளிலும் எழுந்துகொண்டேயிருக்கும் வினா இது. ஒரு சாரார் அத்தகைய மறுமொழியை அவமதிப்பு என்பர். மற்றொரு சாரார் அதனைச் சொற்சிக்கனம் எனப் பாராட்டுவர். வகுப்பறையிலும் இதே வினா வேறு வடிவில் தோன்றுகிறது. ஒரு சொல்லில் விடையெழுதிய மாணவனுக்கு முழு மதிப்பெண் அளிக்கலாமா என்பதே அது.

பேராக் மாநிலத் தமிழருக்கு இது வெறும் நடை ஒழுங்கு பற்றிய வினா அன்று. அவர்களுள் பலருடைய முன்னோர், மேலிருப்பவர் கேட்டதற்கு ஒரு சொல்லுக்குமேல் மறுமொழி கூறத் தயங்கிய சூழலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். ஆதலின் இவ்வினாவை இலக்கணத்தின் துணைகொண்டும், அம்மண்ணின் வரலாற்றின் துணைகொண்டும் ஆராய்தல் பொருந்தும்.

முதற்கண் இலக்கணத்தை நோக்குவோம். தொல்காப்பியர் விடையைச் ‘செப்பு’ எனக் குறித்து, செப்பும் வினாவும் வழுவாமற் காக்கப்பட வேண்டும் என்று சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் விதித்தார். வழு எது என்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டால் விளக்கினர். ஓர் ஊருக்கு வழி கேட்டவனிடம், அதற்குச் சற்றும் தொடர்பின்றித் தன் பசுவின் கன்றைப் பற்றிக் கூறியவனுடைய விடை வழுவாயிற்று. அவ்விடை சிறிதாயிருந்ததனால் வழு ஆகவில்லை. வினாவியதைத் தொடாமற் போனதனால் ஆயிற்று. அவனே நான்கு பக்கம் பேசியிருப்பினும் வழு நீங்கியிராது. ‘இதுவே வழி’ என்று கைகாட்டியிருப்பின், இரண்டே சொற்களில் நீங்கியிருக்கும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர் நன்னூலில் விடைகளை எட்டாக வகுத்தார். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன அவை. ‘இதனைச் செய்வாயா?’ என்ற வினாவுக்கு ‘செய்யேன்’ என்பது மறை, ‘செய்வேன்’ என்பது நேர், ‘நீயே செய்’ என்பது ஏவல், ‘செய்யாதிருப்பேனா?’ என்பது வினாதல். ‘கை வலித்தது’ என்பது உற்றது உரைத்தல். ‘கை வலிக்கும்’ என்பது உறுவது கூறல். ‘மற்றொன்று செய்வேன்’ என்பது இனமொழி. வழி எது என்றவனுக்கு ‘இது’ என்பது சுட்டு. முதல் மூன்றும் நேரே விடையாதலின் செவ்வன் இறை எனப்பட்டன. ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாதலின் இறை பயப்பன எனப்பட்டன. எட்டுமே ஒன்றிரண்டு சொற்களில் அடங்குவன என்பது ஈண்டுக் கருதத்தக்கது. விடையின் நீளத்தை நம் இலக்கணம் ஓரிடத்தும் அளவுகோலாகக் கொள்ளவில்லை. பொருத்தத்தையே அளவுகோலாகக் கொண்டது.

ஆயினும், சுருக்கம் எங்கும் எப்பொழுதும் ஏற்புடையது என்று நன்னூலார் கூறிவிடவுமில்லை. நூலுக்குரிய பத்து அழகுகளுள் முதலாவதாகச் சுருங்கச் சொல்லலை வைத்த அவரே, பத்துக் குற்றங்களுள் முதலாவதாகக் குன்றக் கூறலை வைத்தார். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றேபோலத் தோன்றும். இரண்டிலும் சொல் குறைவு. ஆனால் ஒன்றில் சொல் மட்டும் குறைகிறது. மற்றொன்றில் பொருளும் குறைகிறது. சுருங்கச் சொல்லலை அடுத்து விளங்க வைத்தல் நிற்பதும் நோக்கத்தக்கது. விளங்காத சுருக்கம் அழகாகாது. குன்றக் கூறலை அடுத்து மிகைபடக் கூறல் நிற்கிறது. நீட்டிப் பேசிவிட்டதனாலேயே ஒருவர் குற்றத்தினின்று தப்பிவிடுவதில்லை என்பது இதனாற் பெறப்படும். குறுவிடை வேறு, குறைவிடை வேறு.

ஒரு கலந்துரையாடலில் எவ்விடத்துக் குறுவிடை போதும், எவ்விடத்துப் போதாது? இதற்கும் நன்னூற் பாயிரத்திலேயே ஒரு வழி கிடைக்கிறது. நூலாசிரியர் கொள்ளும் மதங்கள் ஏழு என்று அங்கு வகுக்கப்பட்டுள்ளன. பிறர் கொள்கைக்கு உடன்படல், மறுத்தல், பிறர் கொள்கையை ஏற்றுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலிற் குற்றங் காட்டல், பிறிதொன்றிற் படாது தன் கொள்கையையே கொள்ளல் என்பன அவ்வேழு. இவற்றுள் உடன்படல் ஒரு சொல்லில் முடியும். ஏனெனில், உடன்படுபவர் மற்றவர் முன்னரே கூறிய காரணங்களைத் தம்முடையனவாக ஏற்றுக்கொள்கிறார். அவற்றைத் திரும்பச் சொன்னால் அது கூறியது கூறலாகும். மறுத்தலும், குற்றங் காட்டலும், துணிதலும் அவ்வாறு முடியா. மறுப்பவர் தம் காரணத்தைக் கூறும் கடனுடையவர். ‘ஒப்புகிறேன்’ என்பது நிறைவான மறுமொழி. ‘தவறு’ என்று மட்டும் கூறி அமைவது குன்றக் கூறல்.

மணிமேகலையும் இவ்வாராய்ச்சிக்குத் துணைபுரிகிறது. அறவணவடிகள் மணிமேகலைக்குப் பௌத்த நெறியை உணர்த்துமிடத்து, வினாவுக்கு விடுக்கும் விடை நால்வகை என்கிறார். துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை என்பன அவை. பாலி மொழிப் பௌத்த நூல்களிலும் இப்பாகுபாடு உண்டு. தோன்றியது அழியுமா என்ற வினாவுக்கு அழியும் எனத் துணிந்து சொல்லிவிடலாம். இறந்தவன் மீண்டும் பிறப்பானா என்ற வினாவுக்கோ, அவன் பற்று அற்றவனா, அறாதவனா எனக் கூறிட்டே மொழிய வேண்டும். அங்கு ஒரு சொல் விடை பொய்யாகிவிடும். ஆகாயத்துப் பூ பழையதா, புதியதா என்று கேட்பவனுக்கு வாளாவிருத்தலே விடை. ஒரு சொல்லினும் குறுகிய மௌனத்தையும் விடை வகையுள் ஒன்றாக ஏற்ற மரபு இது. விடையின் அளவை முடிவு செய்வது வினாவின் தன்மையே என்பது இதன் கருத்து.

இலக்கணம் காட்டும் இந்நெறி, விடை கூறுவோன் தான் விரும்பியதைக் கூறும் உரிமையுடையவன் என்பதைக் கேளாமலே ஏற்றுக்கொண்டு எழுந்தது. அவ்வுரிமை இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதற்குப் பேராக்கின் தோட்ட வரலாறு சான்று.

கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டில் இரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் மலாயாவில் ஒழிந்தது. அதனோடு கூடவே வளர்ந்திருந்த கங்காணி முறையின் வழியே மேலும் பல்லாயிரவர் தமிழகத்திலிருந்து வந்தனர். உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்று மலாயாவுக்குக் குடிபெயர்வதை இந்திய அரசு 1938-இல் தடை செய்யும்வரை இது நீடித்தது. பொழுது புலருமுன் பெரட்டுக்களத்தில் நின்று, பெயரழைத்ததும் குரல் கொடுத்து, அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு மரம் வெட்டச் செல்வதே அவர்களுடைய நாளின் தொடக்கம். துரைக்குக் கீழே கிராணி, கிராணிக்குக் கீழே கங்காணி, அவருக்கும் கீழே தொழிலாளி என்ற அடுக்கில், மேலிருந்து வருவது ஏவலாகவும் கீழிருந்து செல்வது ‘சரிங்க’ என்பதாகவும் அமைந்தன.

நன்னூலார் வகுத்த எட்டனுள் இங்கு எஞ்சியது ‘நேர்’ ஒன்றே. மறை கூறினால் அது எதிர்ப்பாகக் கொள்ளப்படும். வினாதல் துடுக்காகக் கொள்ளப்படும். உற்றது உரைத்தலும் சாக்குப்போக்காகக் கொள்ளப்படும். வடிவத்தில் ‘சரிங்க’ என்பது செவ்வன் இறை. ஆயினும் கூறுவோன் உள்ளத்திலிருந்தவற்றுள் பெரும்பகுதி அதனுள் அடங்காமையால், அது வற்புறுத்திப் பெற்ற குறைவிடையாகும். அக்காலத் தொழிலாளரைப் பேசத் தெரியாதவர் என்று எண்ணுவது பிழை. தாலாட்டும், ஒப்பாரியும், விடுகதையும், கூத்தும் லயத்து வீடுகளில் தழைத்தன. அவர்களுக்கு மொழி குறையவில்லை. கேட்கும் செவியே குறைந்தது.

இந்நிலை என்றும் மாறாதிருந்ததுமில்லை. 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின்போது, ஊதிய உயர்வோடு, துரைமார் எதிர்ப்பட்டால் மிதிவண்டியினின்று இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கையாக வைக்கப்பட்டது. ஒரு சொல்லில் மறுமொழி கூறி வந்தவர்கள், தங்கள் கருத்தை வரிசைப்படுத்திக் கூறினர். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபின், காரணங்காட்டி மறுக்கும் முறைக்கு நாடளாவிய ஓர் அமைப்பே கிடைத்தது.

அதிகாரம் குறுக்கிய விடை இவ்வாறிருக்க, விலை குறுக்கிய விடையும் பேராக் அறிந்ததே. மலாயாவின் முதல் தந்திக் கம்பி 1876-இல் கோலகங்சாருக்கும் தைப்பிங்கிற்கும் இடையே இழுக்கப்பட்டது. தந்தியிற் சொல்லுக்குச் சொல் கட்டணம். ஆதலின் பிறப்பும், இறப்பும், புறப்பாடும் இரண்டு மூன்று சொற்களில் அடங்கின. அச்சுருக்கத்தை எவரும் அவமதிப்பாகக் கொள்ளவில்லை. பின்னால் கடிதம் வரும் என்பது இரு புறத்தாருக்கும் தெரியும். குறுவிடை எடுத்தவர் விரிவிடைக்குக் கடன்பட்டார் என்ற உடன்பாடு அங்கிருந்தது. இந்தியாவில் 2013 சூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. கைப்பேசியில் இன்று அனுப்பப்படும் ‘சரி’க்குக் கட்டணச் சுமையும் இல்லை, பின்னால் கடிதம் வரும் என்ற உறுதியும் இல்லை. அதனாலேயே பெறுவோர் சிலர் உள்ளம் நோகின்றனர் போலும்.

தோட்டத்துப் பிள்ளைகளின் நாவைக் கட்டவிழ்த்ததில் பள்ளிக்குப் பெரும் பங்குண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்கள் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல பள்ளிகள் பெயரளவில் நடந்தன. சில தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ ஆசிரியராயிருந்ததும் உண்டு. பெரட்டுக்களத்தில் பெயரழைத்தவரே வகுப்பிலும் வினாவெழுப்பினால் பிள்ளை எவ்வாறு வாய்திறப்பான்? பின்னர்ப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்தனர். 1954-இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது போன்ற முயற்சிகளும் தோன்றின.

தமிழ்ப் பள்ளி மரபில் வினாவிடை முறைக்கு வேர் ஆழமானது. ஆறுமுக நாவலர் (1822–1879) சைவ வினாவிடையை அம்முறையிலேயே இயற்றினார். நன்னூலுக்கு அவர் எழுதியது காண்டிகையுரை. சங்கர நமச்சிவாயர் எழுதிச் சிவஞான முனிவர் திருத்தியது விருத்தியுரை. ஒன்று சுருக்கம், மற்றொன்று விரிவு. இரண்டனையும் தமிழுலகம் போற்றுகிறது. காண்டிகை கற்போனுக்குப் போதுமானதைத் தருகிறது. விருத்தி ஐயமெழுப்புவோனுக்கு மறுமொழி தருகிறது. இன்ன உரை இன்னாருக்கு என்ற தெளிவிருந்ததனால் இரண்டும் நிலைத்தன.

‘முழு வாக்கியத்தில் விடையெழுதுக’ என்று தோட்டப்பள்ளி ஆசிரியர் வற்புறுத்தியதையும் இவ்வொளியிற் காண வேண்டும். ‘பேராக்கின் தலைநகர் எது?’ என்ற வினாவுக்கு ‘ஈப்போ’ என்பது குற்றமற்ற செவ்வன் இறை. அதற்கு மதிப்பெண் குறைத்தல் இலக்கணத்துக்கு ஒவ்வாது. ஆனால் ‘இரப்பர் ஏன் வீழ்ச்சியுற்றது?’ என்ற வினாவுக்கு ‘செம்பனை’ என்று எழுதிய பிள்ளைக்கு அவ்வொரு சொல்லின் பின்னேயுள்ள காரணங்களைத் தொடுக்கக் கற்பிக்காமல் விட்டால், ‘சரிங்க’ என்று சொல்லிச் சென்றவர்களின் நிலையிலேயே அப்பிள்ளையையும் விட்டதாகும்.

அவ்வாறு எழுதக் கற்றவர்களுக்கு நாளிதழ்கள் களம் அமைத்தன. கோலாலம்பூரில் 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனில், 1950-51-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினர். அஞ்சல் வழியே வாசகர் பங்குகொண்டனர். 1950-களின் தொடக்கத்தில் தமிழ் முரசில் புதுமைப்பித்தனின் எழுத்தைக் குறித்து நெடிய விவாதம் நடந்தது. இத்தகைய விவாதங்களில் ‘நன்று’, ‘தீது’ என்ற தீர்ப்புகள் நெடுநாள் நிலைப்பதில்லை. காரணங்காட்டி எழுதியவர்களின் கருத்தே பின்னால் வரும் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகிறது.

பேராக்கின் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாகவும், வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. பெரட்டுக்களத்தில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் ஆசிரியராகவும், அலுவலராகவும், சங்கப் பொறுப்பாளராகவும் உள்ளனர். கூட்டங்களில் அவர்கள் கூறும் ‘ஒப்புகிறேன்’ என்ற ஒரு சொல், விரித்துரைக்கும் உரிமை இருந்தும் விரும்பிச் சுருக்கியதாதலின், முன்னோரின் ‘சரிங்க’வினின்று வேறானது. அதனை அவமதிப்பெனக் கொள்ளுதல் வேண்டா. மறுக்குமிடத்து மட்டும் காரணத்தையும் உடன் கூறுமாறு கேட்டல் அவையின் உரிமை. கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து ‘சரி’ என்று மட்டும் சொல்பவரிடம், ‘வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?’ என்று ஒருமுறை வினவிப் பார்த்தல் தலைமை தாங்குவோரின் கடமை.