பாரிஸில் மூடியிருந்த ஒரு கதவு



போன மாதம் என் பேத்தி ஓர் ஓவியக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதினாள். பட்டியலில் அவள் எண் வரவில்லை. இரண்டு நாள் பென்சிலையே தொடவில்லை. முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்த எனக்கே என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியவில்லை. கடைசியில் ஒரு பழைய கதையைச் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் சிற்பியாகப் பேர் எடுக்க நினைத்தவன் முதலில் போக வேண்டிய இடம் 'எகோல் தே போசார்' என்ற அரசாங்க நுண்கலைப் பள்ளி. அங்கே படித்து ரோம் பரிசு வாங்கினால் அரசாங்கச் செலவிலேயே ரோமுக்குப் போய்ப் படிக்கலாம். திரும்பி வந்தால் பெரிய வேலைகள் தேடி வரும்.

1857-ல் அந்தப் பள்ளிக்கு 17 வயதுப் பையன் ஒருவன் விண்ணப்பித்தான். அப்பா போலீஸ் இலாகாவில் குமாஸ்தா. பையனுக்குக் கிட்டப்பார்வை. சிற்பப் பிரிவில் தோல்வி. மறுபடி எழுதினான், தோல்வி. மூன்றாம் முறையும் தோல்வி. அவன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அகஸ்த் ரோடின்.

கைத்திறன் இல்லாமலா தோற்றார்? அவர் அதற்கு முன் படித்த சின்னப் பள்ளியில் 18ஆம் நூற்றாண்டு பாணியில் பழக்கியிருந்தார்கள். தேர்வாளர்களோ பழைய கிரேக்க, ரோமானிய பாணியை விரும்பியவர்கள். அதுதான் காரணம் என்கிறார்கள். நானும் எத்தனையோ பிள்ளைகளின் படங்களுக்கு மார்க் போட்டவன். என் ரசனைக்கு ஒத்து வராததை எத்தனை தடவை குறைத்திருப்பேனோ!

அதன் பிறகு சுமார் இருபது வருஷம் ரோடின் கூலிக்குத்தான் வேலை செய்தார். கட்டடங்களுக்கு அலங்காரச் சிற்பம், பிறர் பட்டறையில் பிறர் பெயரில் போகும் வேலை. 1877-ல் 'வெண்கல யுகம்' என்ற சிலையைக் காட்சிக்கு வைத்தபோது, உயிருள்ள ஆளின் மேலேயே அச்சு எடுத்துவிட்டார் என்று பழி சொன்னார்கள். அத்தனை தத்ரூபம். 1880-ல் அதே சிலையை அரசாங்கம் விலைக்கு வாங்கியது. அதோடு, கட்ட நினைத்திருந்த ஓர் அருங்காட்சியகத்துக்கு வாசற்கதவு செய்து தரச் சொன்னது. எந்தக் கதவு அவருக்குத் திறக்கவில்லையோ, அந்த அரசாங்கமே அவரிடம் கதவு கேட்டது! அதுதான் 'நரகத்தின் வாசல்'. 'சிந்தனையாளர்' சிலை அதிலிருந்து பிறந்ததுதான்.

தோற்றவர்கள் எல்லாரும் ரோடின் ஆகிவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. தோற்றுப்போய் ஊர் பேர் தெரியாமல் போனவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். ஆனால் தேர்வு எழுதவே விடாமல் நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் பெண்கள்.

கமீல் க்ளோதேல் என்ற பெண் 1881-ல் சிற்பம் கற்கப் பாரிஸ் வந்தார். அந்தப் பள்ளியில் பெண்களுக்கு இடமே கிடையாது. தனியார் பள்ளியில் சேர்ந்தார், பிறகு ரோடினின் பட்டறையில் வேலை செய்தார். அதே 1881-ல் எலேன் பெர்தோ என்ற பெண் சிற்பி பெண் கலைஞர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். பல வருஷம் மனுக் கொடுத்துப் போராடி, 1897-ல்தான் பள்ளியின் கதவு பெண்களுக்குத் திறந்தது. அப்போது கமீலுக்கு 32 வயது. மாணவியாகச் சேரும் காலம் போய்விட்டது. ரோம் பரிசுக்குப் பெண்கள் போட்டியிட 1903 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கதவு வழியாகத்தான் 1930-ல் நம் அம்ரிதா ஷேர்கில் உள்ளே போனார். 1932-ல் அவர் வரைந்த 'இளம் பெண்கள்' ஓவியத்துக்கு மறு வருஷம் பாரிஸில் தங்கப் பதக்கம் கிடைத்தது. இந்தியா திரும்பி, 1937-ல் தெற்கே கன்னியாகுமரி வரை வந்து பார்த்து, சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்து மக்களை வரைந்தார்.

ஆக, கதவு மூடியிருப்பதில் இரண்டு வகை. ஒன்று, நாம் விடாமல் வேலை செய்து சுற்றிக்கொண்டு போகக்கூடியது. இன்னொன்று, யாராவது மல்லுக்கட்டிச் சட்டத்தையே மாற்றினால்தான் திறப்பது. பேத்தியின் கதவு முதல் வகைதான்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அடுத்த வருஷமும் எழுதலாம்ல தாத்தா?" என்றாள். "தாராளமா எழுது. அதுவரைக்கும் கை சும்மா இருக்கக் கூடாது" என்றேன்.

இன்று காலை கொல்லையில் உட்கார்ந்து, பாத்திரம் தேய்க்கும் அவள் பாட்டியை வரைந்துகொண்டிருந்தாள். மூக்கு சரியாக வரவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.